அயர்லாந்தின் நாட்டார் இசையும் மலையகப் பாடல்களும்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

டன்கெல்ட், ஸ்ட்ராத்டன், ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்லயன், பெல்மோரல். டிக்கோயா, ஹட்டன், மஸ்கெலியா, அகரபத்தனைப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. வீதியோரப் பலகைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் இவற்றை அன்றாடம் வாசிக்கின்றோம். ஆனால் இச்சொற்களின் பொருள் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இவை ஸ்கொட்லாந்து நாட்டின் ஊர்ப் பெயர்கள். அவற்றுள் பல கேலிக் என்னும் பழைய மொழியில் வேர் கொண்டவை. அம்மொழியில் 'கிளென்' என்றால் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. 'ஸ்ட்ராத்' என்றால் ஆறு ஓடும் அகன்ற பள்ளத்தாக்கு. 'டன்' என்றால் கோட்டை. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பாடநூல்களில் படித்திருக்கின்றோம். அவரைப் போன்று வந்த பலர், பிரிந்து வந்த ஊர்களின் பெயர்களை எமது மலைகளுக்குச் சூட்டினார்கள்.

இவற்றுள் ஸ்ட்ராத்ஸ்பே என்னும் பெயருக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் மட்டுமன்றி, அங்கு பிறந்த ஒரு நடன மெட்டின் பெயருமாகும். ஆக, ஓர் இசை வடிவத்தின் பெயரை அறியாமலே நாம் பல தலைமுறைகளாக உச்சரித்து வருகின்றோம். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள இசை எது, அதனை இன்று பாடி இசைப்பவர்கள் யார், அவர்களைத் தேடிக் கேட்பதால் எமக்கு என்ன பயன் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெல்டிக் இசை என்பது யாது?

அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், கோர்ன்வோல், மேன் தீவு, பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரித்தானி ஆகிய ஆறு நிலப்பகுதிகளும் கெல்டிக் நாடுகள் எனப்படுகின்றன. இவற்றின் பழைய மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழும் மலையாளமும் போல அயர்லாந்தின் ஐரிஷ் மொழியும் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியும் நெருங்கிய உறவுடையவை. ஆங்கிலம் ஆட்சி மொழியானதோடு இம்மொழிகளைப் பேசுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. எனினும் பாடல்களும் மெட்டுகளும் எஞ்சின.

'கெல்டிக் இசை' என்பது ஒரே இசை அன்று. இசைத்தட்டுக் கடைகளில் பரவலாக ஒட்டப்பட்ட ஒரு பொதுப் பெயர் அது. அயர்லாந்தின் கிராமத்து வயலின் கலைஞரிடம் கேட்டால் தான் வாசிப்பது கிளேயர் பாணி என்றோ டொனிகோல் பாணி என்றோதான் சொல்வார். மட்டக்களப்புக் கூத்துக்கும் மலையகத்துக் காமன் கூத்துக்கும் வேறுபாடு இருப்பது போல அங்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் வாசிப்பு வேறுபடும். புதிதாகக் கேட்பவர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

மெட்டும் கருவியும்

ஐரிஷ் நடன மெட்டுகள் பெரும்பாலும் எளிய அமைப்புடையவை. ஒரு மெட்டுக்கு வழக்கமாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்து, மீண்டும் தொடக்கத்துக்கு வருவார்கள். பின்னர் நிறுத்தாமலே வேறொரு மெட்டுக்குத் தாவுவார்கள். நான்கு நான்காக எண்ணும் வேகமான மெட்டு 'ரீல்'. மும்மூன்று அசைகளாகத் துள்ளி வருவது 'ஜிக்'. தாளக் கட்டின்றி மெதுவாக இசைப்பது 'ஸ்லோ எயார்'. ஒரே மெட்டு என்றாலும் எந்தக் கலைஞரும் அதனை இருமுறை ஒரே மாதிரி வாசிப்பதில்லை. சிறு சிறு அசைவுகளால் ஒவ்வொரு முறையும் புதிதாக்குவார்.

கர்நாடக இசை பயிலும் மாணவியர் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் மூன்று சுரவரிசைகளில் அமைகின்றன. அவை எமது சங்கராபரணம், கரகரப்பிரியா, அரிகாம்போதி ஆகியவற்றின் சுரங்களோடு பொருந்துபவை. ஐந்து சுரங்களில் மட்டும் அமைந்த சில மெட்டுகள் மோகனத்தை நினைவூட்டும். கமகம் வேறு, பாணி வேறு. ஆனால் சுரங்கள் அந்நியமானவை அல்ல.

கருவிகளுள் முதன்மையானது வயலின். அங்கு அதனை 'ஃபிடில்' என்பார்கள். ஆறு துளைகள் கொண்ட 'டின் விசில்' மலிவானது. சிறுவர் முதலில் பழகுவது அதனையே. 'இலன் பைப்ஸ்' என்பது முழங்கையின் கீழ் வைத்த துருத்தியால் காற்றூட்டப்படும் குழல். இக்கருவியின் வாசிப்பு மரபை யுனெஸ்கோ 2017இலும், ஐரிஷ் யாழின் மரபை 2019இலும் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 'பௌரான்' என்பது மரவளையத்தில் ஆட்டுத்தோல் பூட்டிய ஒரு பக்கப் பறை. அதன் படத்தைக் கண்டவுடன் எமது ஊர்களில் பக்கீர்மார் பைத் பாடும்போது தட்டும் றபான் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது.

இசைக்கருவிகள் பற்றி எமது சமூகத்தில் பல்வேறு நிலைப்பாடுகள் உள்ளதை நாம் அறிவோம். கருவியே இல்லாத ஒரு மரபும் அயர்லாந்தில் உண்டு என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். 'ஷான் நோஸ்' என்பது அதன் பெயர். 'பழைய முறை' என்று பொருள். ஒரே குரல், பக்கவாத்தியம் இல்லை, தாளம் இல்லை. பாடுபவர் சில வேளைகளில் கண்களை மூடிக்கொள்வார். அருகிலிருப்பவர் அவரது கையைப் பற்றிக்கொள்வதும் உண்டு. தொட்டிலருகே தாலாட்டுப் பாடும் எமது உம்மும்மாமாரின் குரலுக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே.

தமிழ்ச் செவியில் விழுந்த ஐரிஷ் மெட்டு

இந்த இசையைத் தமிழ்நாடு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டது. 1835இல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர் தம் இளமைக் காலத்தில் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடும்பத்துடன் வாழ்ந்தார். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் பாண்டு வாத்தியக் குழு வாசித்த மேனாட்டு மெட்டுகள் அவர் செவியில் விழுந்தன. அவற்றுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நொட்டுஸ்வரம்' என்று அழைக்கப்படும் அவ்வுருப்படிகள் ஏறக்குறைய 40 இன்று கிடைக்கின்றன. அவற்றுள் 'வந்தே மீனாக்ஷி' என்பது 'த ரேக்ஸ் ஒஃப் மல்லோ' என்னும் மெட்டில் அமைந்தது. மல்லோ என்பது அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திலுள்ள ஒரு நகரம். அவரது தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்று அதனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அரிது.

வங்காளத்தில் இரவீந்திரநாத் தாகூரும் ஸ்கொட்லாந்து மெட்டுகளில் பாடல்களை அமைத்தார். ஆகவே இவ்விசையைக் கேட்பது எமது பண்பாட்டைக் கைவிடுவதாகாது. நல்ல செவியுடையோர் அயல் வீட்டு இசையையும் கேட்டே வந்திருக்கின்றனர்.

சேகரித்தோர் மூவர்

ஐரிஷ் இசை தானாகத் தப்பிப் பிழைக்கவில்லை. சிலர் அதனைத் தேடிச் சென்று காப்பாற்றினர். அவர்களுள் மூவரின் வரலாறு மாணவர்களாகிய எமக்கு முக்கியமானது.

முதலாமவர் எட்வர்ட் பண்டிங். 1792 யூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் யாழிசைக் கலைஞர்களின் ஒன்றுகூடல் நடைபெற்றது. அழைப்பை ஏற்று அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் மட்டுமே. பலர் முதியவர்கள், அவர்களுள் பார்வையற்றவர்கள் ஆறு பேர். மூத்தவரான டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைத் தாண்டியவர். விரல் நகங்களால் கம்பிகளை மீட்டும் பழைய முறையை அறிந்தவர். அவர்கள் வாசிப்பதைக் குறித்துக்கொள்ளும் பணி பண்டிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19. எங்களை விட இரண்டு வயதே மூத்தவர்! அங்கு தொடங்கிய பணியை அவர் தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தார். 1796இல் அவரது முதல் தொகுதி வெளிவந்தது.

இரண்டாமவர் பிரான்சிஸ் ஓ'நீல். கோர்க் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்று, சிக்காகோ நகரின் பொலிஸ் தலைமை அதிகாரியானவர். ஊரைப் பிரிந்து வந்த ஐரிஷ் மக்கள் பாடியவற்றைச் சேகரித்து 1903இல் 1,850 உருப்படிகள் கொண்ட பெருந்தொகுதியை வெளியிட்டார். மெட்டுகள் அவரது நினைவில் நிறைந்திருந்தன. ஆனால் சுரக்குறிப்பு எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு பொலிஸ்காரர் அவற்றைக் கேட்டு எழுதினார். ஒருவரின் நினைவும் இன்னொருவரின் எழுத்தும் சேர்ந்தே அந்நூல் உருவானது.

மூன்றாமவர் ஷேமஸ் எனிஸ். 1942 முதல் 1947 வரை ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழுவுக்காகச் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று பாடல்களைச் சேகரித்தார். அவரே சிறந்த குழலிசைக் கலைஞர். ஐரிஷ் மொழியும் அறிந்தவர். ஆகவே மக்கள் அவரைத் தம்மில் ஒருவராக ஏற்றுக்கொண்டனர்.

இவர்களது பணியில் ஒரு குறையும் இருந்தது. பண்டிங் முதலில் எழுதியது மெட்டுகளை மட்டுமே. பாடல்களின் ஐரிஷ் சொற்களை அல்ல. அத்துடன் யாழிசையைப் பியானோவுக்கு ஏற்றவாறு மாற்றியும் அமைத்தார். பின்னர் 1802இல் ஐரிஷ் மொழி அறிந்த பற்றிக் லிஞ்ச் என்பவரை அனுப்பிச் சொற்களைத் தேட வேண்டியதாயிற்று. இக்குறையை மனத்தில் வைத்துக்கொள்வோம். மலையகத்துக்கு வரும்போது இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்போம்.

சுயாதீனக் கலைஞர்களை இனங்காணல்

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், தம் சொந்தச் செலவிலோ சிறு வெளியீட்டகங்கள் ஊடாகவோ பாடல்களை வெளியிடுபவர்களையே சுயாதீனக் கலைஞர்கள் என்கின்றோம். நாட்டார் இசைக்கு இவ்வழி மிகவும் பொருந்தும். ஏனெனில் பெரிய நிறுவனங்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாகும் பாடல்களையே தேடுகின்றன. ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் பாடப்படும் பாடலுக்கு அங்கு இடமில்லை.

கனடா நாட்டைச் சேர்ந்த லொரீனா மெக்கெனிட் இதற்குச் சிறந்த உதாரணம். தெருவோரத்தில் யாழ் மீட்டிப் பாடி, தம் கசெட்டுகளைத் தாமே விற்றவர் அவர். 1985இல் முதல் இசைத்தொகுப்பைச் சுயமாக வெளியிட்டார். குயின்லன் றோட் என்ற தம் சொந்த வெளியீட்டகத்தின் வழியாகவே பின்னர் உலகெங்கும் அறியப்பட்டார். அயர்லாந்தில் கிளாடா ரெக்கோர்ட்ஸ் என்ற சிறு வெளியீட்டகம் 1959இல் தோன்றி, குழலிசைக் கலைஞர்களைப் பதிவு செய்தது. கிளேயர் மாவட்டத்து மார்ட்டின் ஹேய்ஸ் வயலினை மிக நிதானமாக வாசிப்பவர். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏற்றவர். டப்ளின் நகரின் லங்கம் குழு பழைய பாடல்களைப் புதிய ஒலியில் தருகின்றது. சிறு நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிவந்த அவர்களது தொகுப்பு, 2023இல் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஸ்கொட்லாந்தின் ஜூலி ஃபௌலிஸ் கேலிக் மொழியில் பாடுகின்றார்.

இத்தகையோரைத் தேடுவதற்கு நான் பயனுள்ளவையெனக் கண்ட வழிகள் நான்கு.

ஒன்று, 'கெல்டிக்' என்ற சொல்லை மட்டும் இட்டுத் தேடாதிருத்தல். அவ்வாறு தேடினால் பனிமூட்டப் படத்துடன் கூடிய, பாடியவர் பெயரே இல்லாத மணிக்கணக்கான பின்னணி இசைதான் முதலில் வரும். பெயர் சொல்லப்படாத இசையைத் தொடர்ந்து எங்கும் செல்ல முடியாது. மாவட்டத்தின் பெயரையும் கருவியின் பெயரையும் சேர்த்துத் தேடினால் மனிதர்கள் கிடைப்பார்கள்.

இரண்டு, ஒரே மெட்டைப் பலரிடம் கேட்டல். ஒரு ரீலை நான்கு பேர் வாசிக்கக் கேட்டால், மெட்டு எது, கலைஞரின் தனித்தன்மை எது என்பது தானாகப் புலப்படும்.

மூன்று, குறிப்புகளை வாசித்தல். ஐரிஷ் கலைஞர்கள் தம் தொகுப்புகளில் ஒவ்வொரு பாடலையும் யாரிடமிருந்து கற்றோம் என்று எழுதுவது வழக்கம். இன்ன ஊரில் இன்ன பெண்மணியிடம் கேட்டது என்று இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு குரல் கிடைக்கும். டப்ளினில் 1987இல் நிறுவப்பட்ட ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றை இலவசமாகக் கேட்கத் தருகின்றது.

நான்கு, கலைஞரிடம் நேரடியாகப் பெறுதல். 2008இல் தொடங்கிய பான்ட்கேம்ப் போன்ற தளங்களில் பாடலை முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி கலைஞரையே சேரும். மாணவர்களால் வாங்க முடியாவிடினும், கேட்டதைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்ப முடியும். சிறு கலைஞருக்கு அதுவும் பெரிது.

ஐரிஷ் கலைஞர்கள் கூடி வாசிக்கும் அமர்வுகள் பல மதுச்சாலைகளில் நடப்பது உண்மை. பெற்றோர் இதனை அறிந்து தயங்கக்கூடும். ஆனால் அவ்விசை வளர்ந்தது அங்கு மட்டுமன்று. வீட்டு அடுப்படிகளிலும் பாடசாலைகளிலும் வளர்ந்தது. 1951இல் தொடங்கிய கோல்டஸ் என்னும் அமைப்பு பிள்ளைகளுக்கு வகுப்புகளையும் போட்டிகளையும் நடத்தி வருகின்றது. எமக்கு வேண்டியது அந்த இடமன்று; அந்த ஒழுங்கு.

இரு மக்களும் இரு பிரிவுகளும்

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் அழித்தது. அதனால் விளைந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. இரண்டு தீவுகளிலும் ஒரு தாவர நோய் மக்களின் வாழ்வையே மாற்றியது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 2023இல், இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடைபயணம் மேற்கொள்ளப்பட்டதை நாம் அறிவோம்.

அயர்லாந்தில் ஒருவர் அமெரிக்காவுக்குப் புறப்படும் முன்னிரவில் அயலவர் கூடுவர். பாடுவர், ஆடுவர், விடியும் வேளையில் பெண்கள் புலம்புவர். போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பதால், உயிரோடு இருப்பவருக்கே இழவு வீடு போல நடத்தப்பட்ட இதனை 'அமெரிக்க இழவு' என்றே அழைத்தனர். இறந்தோருக்காகப் பெண்கள் பாடும் புலம்பலுக்கு அங்கு 'கீனிங்' என்று பெயர். அது எமது ஒப்பாரிதான்.

இனி மலையகத்தைப் பார்ப்போம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றோர் ஆக்கப்பட்டனர். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் இரண்டாகப் பிரிந்தனர். அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள் கூட்டத்தினர், உயிரோடு பிரிந்தவருக்காக இறந்தவருக்குரிய பாடலையே பாடினர்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி தோட்டத்தில் வாழ்பவள். கடந்த டிசம்பர் விடுமுறையில் அவளுடைய அம்மாயியிடம் பாட்டுக் கேட்க உம்மாவின் அனுமதியுடன் சென்றேன். அம்மாயியின் அக்கா அந்தக் கோச்சியில் போனவர், நீலகிரியில் குடியேறியவர். அன்று ஸ்டேஷனில் பாடியதைச் சொல்லுங்கள் என்று கேட்டு, எழுதுவதற்குக் கொப்பியைத் திறந்தேன். அவர் சொல்லத் தொடங்கினார்; இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். "சும்மா சொல்லச் சொன்னா வராதும்மா. இழுத்துப் பாடுனாத்தான் வார்த்தை வரும்" என்றார். பிறகு பாடினார். ஒரு வரி கூட விடுபடவில்லை. பாடி முடித்ததும், "இதையெல்லாம் யாரு கேக்கப் போறா?" என்றார். தோழிக்கும் அந்தப் பாடல் புதிது. ஒரே அறையில் பதினேழு வருடங்கள் உறங்கியவள் அதனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

சொல்லும் மெட்டும்

மலையகத்துக்கும் ஒரு பண்டிங் இருந்தார். அவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். தோட்ட மக்களின் பாடல்களைத் தேடிச் சேகரித்து நூலாக்கினார். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கையில் பாடுவது, கங்காணியைக் கேலி செய்வது, கண்டிச் சீமைக்கு வந்த துயரைச் சொல்வது என்று பல வகைகளும் அவரால் எமக்குக் கிடைத்தன. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ஆனால் அச்சிட்ட நூலில் நிற்பது சொல் மட்டுமே. பண்டிங்கின் முதல் தொகுதியில் மெட்டு இருந்தது, சொல் இல்லை. எமது நாட்டார் பாடல் நூல்களில் பெரும்பாலும் சொல் இருக்கின்றது, மெட்டு இல்லை. பரீட்சைக்காக ஒப்பாரியின் அணிநயத்தை எழுதுகின்றோம். அது எப்படி ஒலிக்கும் என்பது எமக்குத் தெரியாது. சொல்லையும் மெட்டையும் பிரித்துவிட்டால் பாடியவருக்கே அது வருவதில்லை என்பதற்கு அந்த அம்மாயியே சாட்சி.

பண்டிங்கிடம் இல்லாத கருவி இன்று எம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றது. கையடக்கத் தொலைபேசி சொல்லையும் மெட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இல்லாதது கேட்பதற்கான நேரமும் ஒழுங்கும்தான். ஓ'நீல் இருவரையும் போல, தோட்டத்துத் தோழி ஒருத்தியும் நகரத்துத் தோழி ஒருத்தியும் சோடியாகச் சேர்ந்தால் ஒருத்தியிடம் பாடலின் பின்னணி இருக்கும். மற்றவளிடம் புதிதாகக் கேட்கும் செவி இருக்கும். எமது முஸ்லிம் வீடுகளிலும் உம்மும்மாமாரிடம் தாலாட்டுகளும் கவிகளும் பைத்துகளும் உள்ளன. அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பதிவு செய்யும்போது சிலவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. முதலில் பாடுபவரிடம் அனுமதி பெற வேண்டும். வெளியில் பகிர்வதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். பெண்கள் சிலர் தம் குரல் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். அவ்வாறாயின் பதிவு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். பெயர், ஊர், திகதி, யாரிடம் கற்றார் என்பவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சு வழக்குச் சொல்லை இலக்கணத் தமிழாகத் திருத்தக் கூடாது. பியானோவுக்காக யாழிசையை மாற்றிய பிழையைத்தான் அது ஒத்திருக்கும். பாடியவரின் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். தொலைபேசி பழுதானால் பாடலும் போய்விடுமாதலால் வேறோர் இடத்திலும் சேமித்து வைக்க வேண்டும்.

முடிவாக

அயர்லாந்தின் சுயாதீனக் கலைஞர் ஒருவர் இன்று ஒரு பழைய பாடலைப் பாடி வெளியிட முடிகின்றதென்றால், அவருக்கு முன் யாரோ ஒருவர் அதனை ஒரு முதியவரிடம் கேட்டு வைத்திருந்தார் என்பதே காரணம். மலையகத்திலும் நாளை ஒரு பாடகி தோன்றக்கூடும். தன் சொந்த முயற்சியில் எமது பாடல்களைப் பாட அவள் விரும்பக்கூடும். அப்போது அவள் கேட்டுக் கற்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சைக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பாடலைக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு பிற்பகல் போதும். விடுமுறையில் ஒரு பிற்பகலை உங்கள் மகளுக்குக் கொடுங்கள். முடிந்தால் அருகில் இருந்து நீங்களும் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு வரி அப்போது நினைவுக்கு வரலாம்.